தூதுப் புறாவிலிருந்து தரவு வாயில் வரை: கொழும்பின் செய்திப் பரிமாற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பிக்கும் தேயிலைக்கும் துறைமுகத்துக்கும் புகையிரதத்துக்கும் கொடுத்த இடத்தைச் செய்திக்குக் கொடுத்தாரல்லர். பண்டம் கண்ணுக்குத் தெரிவது. சுங்கப் பதிவேட்டில் ஏறுவது. ஆண்டறிக்கையில் தொகையாகத் திரள்வது. செய்தியோ உரியவரைச் சேர்ந்ததும் மறைந்துவிடுகின்றது. ஆயினும் இத்தீவிலிருந்து எச்செய்தி வெளியே சென்றது, எச்செய்தி உள்ளே வந்தது, அவை கைமாறிய வாயில் யாருடைய தேவைக்காக அமைக்கப்பட்டது என்னும் வினாக்கள் பண்டங்களின் வரலாற்றுக்கு எவ்வகையிலும் குறைந்தவையல்ல. கொழும்பு நகரை நடுவாக வைத்து இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவற்றை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. ‘பொருட்களின் இணையம்’ எனப்படும் துறை நம் பல்கலைக்கழகங்களின் பொறியியல், கணினிப் பீடங்களிற் பெரிதும் பேசப்படுகின்றது. ஆற்றங்கரையிலோ வயலிலோ நாட்டப்பட்ட உணரிகள் மழையையும் வெப்பத்தையும் நீர்மட்டத்தையும் அளக்கின்றன. அவை சிறியவை, தத்தமக்குரிய மொழியிலேயே பேசுபவை, தாமாக உலகத்தோடு உறவாட வல்லன அல்ல. அவற்றின் அளவீடுகளைத் திரட்டி, நேரம் பொறித்து, அலகு மாற்றி, வெளியுலகம் ஏற்கும் வடிவில் அனுப்பி, வெளியிலிருந்து வரும் விடையைப் பெறுகின்ற இடைக் கருவியையே கேற்வே, அதாவது வாயில், என்கின்றனர். எதிர்ப்புறத்தில் இருப்பது வலைவழி ஏ.பி.ஐ. எனப்படும் ஒழுங்கு. ‘இந்த முகவரிக்கு, இந்த வடிவில், இந்த அனுமதிச் சாவியோடு வந்து கேட்டால் இன்னது தருவேன், இன்னது தந்தால் பெற்றுக்கொள்வேன்’ என வெளியார் ஒருவர் முன்கூட்டியே வகுத்து வைத்த உடன்படிக்கை என அதனைக் கொள்ளலாம். வாயிலை இந்த உடன்படிக்கைக்கு இசைய அமைப்பது வெறும் தொழினுட்ப வேலை எனப் பலரும் கருதுவர். கலைப்பீட மாணவனொருவனின் கண்ணுக்கு அது பழைய வரலாறு ஒன்றின் புதிய அத்தியாயமாகவே தோன்றுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தீவின் வாயில் கொழும்பன்று, காலி. ஐரோப்பியத் தபாற் கப்பல்கள் காலித் துறையிலேயே நங்கூரமிட்டன. கோப்பி விலை, போர்ச் செய்தி, அரசியல் மாற்றம் யாவும் அங்கேதான் கரையேறின. கோப்பித் தோட்டங்களின் முகவர்களும் வணிகரும் கொழும்புக் கோட்டையில் இருந்தனர். இடைத்தூரம் ஏறத்தாழ 72 மைல். குதிரை வண்டிக்காகக் காத்திருக்க மனமில்லாத ‘ஒப்சேவர்’ பத்திரிகை, 1850ஆம் ஆண்டளவில் காலியிலிருந்து கொழும்புக்குத் தூதுப் புறாக்களைப் பறக்கவிட்டது. கப்பல் கொண்டுவந்த செய்திக் குவியலில் முக்கியமானதைத் தெரிந்து, மெல்லிய தாளிற் சுருக்கி எழுதி, பறவையிற் கட்டி அனுப்பினர். திரட்டல், சுருக்கல், வடிவம் மாற்றல், அனுப்பல் என இன்றைய வாயிற் கருவி செய்யும் பணிகள் யாவும் அங்கே நிகழ்ந்தன. எது முக்கியமானது என்பதைத் தீர்மானித்தவர் காலியில் இருந்த முகவர். அத்தீர்மானத்தின் அளவுகோல் இலண்டன் சந்தை. கொழும்பு அறிய விரும்பியது தோட்டத்துரை அறிய விரும்பியதையே.

1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி இயங்கத் தொடங்கியதும் புறாக்களுக்கு வேலை இல்லாது போயிற்று. மன்னார் வழியாக இந்தியாவுடனான தந்தித் தொடர்பும் தொடர்ந்து ஏற்பட்டது. மன்னார்க் கரை வழியாகவே தென்னிந்தியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கிற் கால்நடையாக மாத்தளை நோக்கி நடந்தனர் என்பதை இவ்விடத்து மறத்தலாகாது. கம்பி கோப்பியின் விலையைச் சுமந்தது. அதே வழியில் நடந்து நோயால் வீழ்ந்தவரின் பெயரை ஊருக்கு அறிவிக்க அக்கம்பியில் இடமிருக்கவில்லை. தந்தியின் மொழியும் கருதத்தக்கது. அக்காலத் தந்தி ரோம எழுத்துகளின் குறியீட்டையே அறிந்திருந்தது. தமிழன் ஒருவன் தன் செய்தியை அனுப்புவதாயின், அதனை ஆங்கிலமாக்கவோ ரோம எழுத்திற் பெயர்த்தெழுதவோ வேண்டும். தந்தி வந்தது என்றாலே வீட்டில் அழுகுரல் எழுந்த காலமொன்று நம் மூத்தோர் நினைவில் உள்ளது. அந்த அழுகுரலுக்கு முன், தாளில் உள்ளதை வாசித்துச் சொல்ல ஆங்கிலம் அறிந்த ஒருவரை ஒழுங்கையிற் தேடிய நேரமொன்று இருந்தது என்பதைப் பலர் நினைப்பதில்லை.

1870இல் பம்பாய்வரை கடலடித் தந்தி வடம் வந்து சேர்ந்தது. 1875இல் கொழும்பு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டபின் கப்பல்கள் காலியைக் கைவிட்டுக் கொழும்பை நாடின. பண்டத்தின் வாயிலும் செய்தியின் வாயிலும் கொழும்பாகவே ஒன்றுபட்டன. கொட்டாஞ்சேனை, துறைமுகத் தொழிலாளரும் கணக்கரும் தரகரும் நெருங்கி வாழும் பகுதியாக வளர்ந்தது இவ்வொன்றுபடலின் விளைவுகளுள் ஒன்றாகும்.

இதுவரை நாம் கண்டவை மனிதர் எழுதிய செய்திகள். கருவிகளின் அளவீடுகள் ஒழுங்காக எல்லை கடக்கத் தொடங்கியது வானிலைத் துறையிலாகும். எமது பொருளுக்கு மிக நெருங்கிய வரலாறு இதுவே. 1907இல் கொழும்பு வானிலை அவதான நிலையம் புல்லர்ஸ் வீதியில், அதாவது இன்றைய பௌத்தாலோக மாவத்தையில், நிறுவப்பட்டது. 1948இல் வளிமண்டலவியல் தனித் திணைக்களமாயிற்று. தீவின் பல்வேறு நிலையங்களிலிருந்து அளவீடுகள் கொழும்புக்கு வந்தன. கொழும்பு அவற்றை உலகுக்கு அளித்தது. உலகின் அளவீடுகளைத் தானும் பெற்றது. காற்றுக்கு எல்லை கிடையாது என்ற எளிய உண்மை, 1873இல் வியன்னாவிற் கூடிய சர்வதேச வானிலை மாநாட்டுக்கும் 1950இல் செயற்படத் தொடங்கிய உலக வானிலை அமைப்புக்கும் அடிப்படையாயிற்று.

அப்பரிமாற்றத்தின் மொழி வியப்புக்குரியது. சொற்கள் அறவே இல்லை. ஐந்தைந்து இலக்கங்களாலான கூட்டங்களே உண்டு. கொழும்பு என்பதற்கு 43466, மட்டக்களப்புக்கு 43436, திருகோணமலைக்கு 43418. முதலிரு இலக்கங்களான 43 இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் பொதுவானவை. சென்னை மீனம்பாக்கத்தின் எண்ணும் 43279 என்றே தொடங்குகின்றது. அரசுகள் பாக்குநீரிணையில் எல்லைக் கோடு கீறியபோதும் வானிலையாளரின் எண்வரிசை இரு கரைகளையும் ஒரே தொகுதியில் வைத்தது. அடுத்து 10284 என ஒரு கூட்டம் வருமாயின், முதல் 1 ‘இது வெப்பநிலை’ எனவும், அதனையடுத்த 0 ‘பூச்சியத்துக்குக் குறையாதது’ எனவும், 284 என்பது 28.4 பாகை செல்சியஸ் எனவும் பொருள்படும். 40098 என்றால், 4 கடல்மட்ட அமுக்கம் என்பதைச் சுட்ட, 1009.8 எக்டோபாசுக்கல் எனப் படித்தல் வேண்டும். ஆயிரத்தின் இலக்கம் எல்லோருக்கும் தெரிந்ததென விடப்பட்டது. தந்திக் கட்டணம் எழுத்துக்கும் சொல்லுக்கும் வசூலிக்கப்பட்ட காலத்தின் சிக்கனம் இது.

இன்றைய வாயிற் கருவி அனுப்பும் ‘ஜேசன்’ வடிவம் இதற்கு மாறானது. அங்கே ‘வெப்பநிலை: 28.4’ எனப் பெயரும் பெறுமதியும் வெளிப்படையாக நிற்கும். கற்றறிந்தவர் மட்டும் படிக்கும் மறைமொழியாக இராது. ஆனால் அடிப்படை நிபந்தனை ஒன்றே: அனுப்புபவரும் பெறுபவரும் அலகிலும் வரிசையிலும் நேரத்திலும் முன்கூட்டியே உடன்பட்டிருத்தல் வேண்டும். மொஸ்கோவும் வாஷிங்டனும் பகைமையின் உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலும் வானிலை எண்கள் தடையின்றிப் பரிமாறப்பட்டன என்பது அந்த உடன்பாட்டின் வலிமைக்குச் சான்று. 1960களில் உருவான உலகத் தொலைத்தொடர்பு முறைமை இன்றும் அந்த எண்களைச் சுமக்கின்றது.

நேரம் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் பொருத்தமானது. வானிலையாளர் உலகப் பொது நேரத்தையே பதிவர். அவர்களின் பூச்சிய மணி நமக்கு அதிகாலை 5.30. இது தேவையற்ற நுணுக்கம் என்போர் நம் நாட்டின் கடிகார வரலாற்றை நோக்குக. 1996 மே மாதத்தில், மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு, இலங்கைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரைமணி பின்னகர்த்தப்பட்டது. 2006 ஏப்பிரலில் மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. இப்பத்தாண்டுகளிலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே வழங்கியது. போர்நிறுத்த காலத்தில் ஓமந்தையைக் கடந்த பயணி தன் கைக்கடிகாரத்தை அரைமணி மாற்ற வேண்டியிருந்தது. சிறு தீவொன்றில் இரு நேரங்கள்! அக்காலத்தில் ‘காலை எட்டு மணிக்கு நீர்மட்டம் இவ்வளவு’ என எழுதிய குறிப்பேட்டை இன்று எடுத்துப் பார்ப்பவர், எந்த எட்டு மணி என்று கேளாமல் ஓரடியும் நகர முடியாது. வாயிற் கருவியை அமைக்கும் மாணவர்க்கு ஆசிரியர் சொல்லும் முதற் பாடம் பொது நேரத்திற் பதிவுசெய்க என்பதாகும். அப்பாடத்தின் பொருளை வன்னியும் கொழும்பும் பத்தாண்டு அனுபவித்தன.

இணையத்தின் வருகையை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு கல்விசார் மின்னஞ்சற் சேவை தொடங்கிற்று. 1995இல் வணிக இணையம் வந்தது. கம்பியின் இடத்தை ஒளியிழை வடம் பெற்றது. ஆனால் வாயில் ஒன்றாகவும் ஒடுங்கியதாகவுமே இருந்தது. 2004 ஓகஸ்ட் மாதத்தில், கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்த, நாட்டின் வெளித்தொடர்பு பெரிதும் தடைப்பட்டது. வெளித்தொடர்பு அறும்போது அளவீடுகளைத் தன்னிடமே சேமித்து வைத்து, தொடர்பு மீண்டதும் வரிசைப்படி அனுப்புமாறு வாயிலை அமைத்தல் வேண்டும் என்று பொறியியலாளர் வற்புறுத்துவதன் நியாயத்துக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அதே ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்தது இதனினும் கொடிய பாடம். சுமாத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் ஏற்பட்டபோது இலங்கையில் நேரம், அன்றைய கடிகாரப்படி, காலை 6.58. கண்டிக்கு அருகே பல்லேகலையில் 2000ஆம் ஆண்டு முதல் ஒரு நில அதிர்வு நிலையம் இருந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம் நடத்தும் உலக வலையமைப்பின் உறுப்பு அது. கருவி நம் மண்ணில் இருந்தது. அதன் அளவீடுகள் உலகுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஹவாயிலிருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் பதினைந்து நிமிடங்களுள் தன் முதல் அறிவித்தலை வெளியிட்டது. அது பசிபிக் நாடுகளுக்கானது. இந்து சமுத்திர நாடுகளுள் யாருக்கு அறிவிப்பது என்ற பட்டியல் அவர்களிடம் இருக்கவில்லை. எமது கிழக்குக் கரையை அலை அடைய ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆயிற்று. அன்று காலை வெள்ளவத்தைக் கடலோரத் தண்டவாளத்தால் மாத்தறை நோக்கிச் சென்ற புகையிரதம் 9.30 மணியளவில் பெரேலியவில் அலைக்கு இரையாயிற்று. கிழக்கே அலை அடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்த பின்னர் நிகழ்ந்தது இது. தீவுக்குள்ளேயே ஒரு கரையின் செய்தி மறுகரையை உரிய நேரத்திற் சேரவில்லை. கொழும்பிலிருந்த கடல்மட்டமானியும் அலையைப் பதிவுசெய்தது. நாடெங்கும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இந்நிகழ்வை அறிவியலின் தோல்வி எனக் கூறுவோர் உளர். அளவீடு தோற்கவில்லை, வெளியே அனுப்பும் வழியும் தோற்கவில்லை. உள்ளே வரும் வழியும், வந்ததை அம்பாறையிலும் முல்லைத்தீவிலும் இருந்தவனிடம் சேர்க்கும் வழியும் அமைக்கப்படவே இல்லை. காலிப் புறா முதல் பல்லேகலைக் கருவி வரை நூற்றைம்பது ஆண்டுகளாக வாயில் யாருக்காகத் திறக்கப்பட்டது என்பதை நோக்கின், இது தற்செயலன்று என்பது புலனாகும். குடியேற்ற ஆட்சியின் வாயில் சந்தைக்காக அமைந்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த வாயில் உலக அறிவியலுக்குத் தன் பங்கைச் செலுத்தியது. கரையோரக் குடிமகன் அதன் வடிவமைப்பில் எக்காலத்தும் ஒரு முகவரியாகக் கொள்ளப்படவில்லை.

2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னர் லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதயமும் இணைந்து, சுனாமியாற் பாதிக்கப்பட்ட 32 கிராமங்களில் எச்சரிக்கையைக் கடைசி மைல்வரை கொண்டுசெல்லும் முறைகளைச் சோதித்தன. அங்கே பயன்பட்ட பொது எச்சரிக்கை நெறிமுறை 2004இல் வகுக்கப்பட்ட சர்வதேச நியமம். ஒரே எச்சரிக்கைக் கோவையினுள் ஆங்கிலப் பகுதி, சிங்களப் பகுதி, தமிழ்ப் பகுதி என மொழிக்கொன்றாக அடுக்க அது இடமளிக்கின்றது. ரோம எழுத்துத் தந்தியையும் ஐந்திலக்கக் கூட்டத்தையும் கடந்துவந்த நம் கண்ணுக்கு இது பெரியதொரு மாற்றம். மொழி, செய்தியின் உடலிலேயே ஓர் உறுப்பாயிற்று. ஆயின் இடம் இருப்பது வேறு. அவ்விடம் நிரப்பப்படுவது வேறு. தமிழ்ப் பகுதியை வெறுமையாக விட்டாலும் கோவை பிழையின்றிச் செல்லும், கருவி முறையிடாது.

அண்மைக் காலத்தில் குறிப்பிடத்தக்க முயற்சியொன்று தெதுறு ஓயா ஆற்றுப்படுகையில் நடைபெற்றது. மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் சுவிற்சர்லாந்தின் தென்பகுதிப் பிரயோக அறிவியல் பல்கலைக்கழகமும் இணைந்து, ‘4ஒன்ஸ்’ எனும் திட்டத்தின் கீழ், மலிவான உதிரிப்பாகங்களால் வானிலை நிலையங்களை அமைத்து, அப்படுகையில் 27 இடங்களில் நாட்டின. ஆர்டுயினோ எனும் திறந்த வடிவமைப்புப் பலகை, சூரியக்கலம், கைத்தொலைபேசி வலையமைப்பூடாகத் தரவனுப்பும் துண்டு, உள்ளே ஒரு சேமிப்பு அட்டை ஆகியன ஒரு நிலையத்தின் உறுப்புகள். அளவீடுகள் உணரித் தரவுக்கென உலகளவில் ஏற்கப்பட்ட திறந்த நியமத்துக்கு இசைந்த வலைச்சேவையிற் சென்று சேர்ந்தன. நியமம் திறந்தது, மென்பொருள் திறந்தது, பழுதுபட்ட பாகத்தை இங்கேயே மாற்றலாம். விலைகூடிய வெளிநாட்டு நிலையம் பழுதுற்றால் உதிரிப்பாகத்துக்காக மாதக்கணக்கிற் காத்திருக்கும் நாடொன்றுக்கு இது சிறிய விடயமன்று.

வெளியாரின் வாயிலை மட்டும் நம்பியிருப்பதன் இடர் 2025 மார்ச்சில் மீண்டும் வெளிப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா தன் தூதரகங்களில் நிறுவிய கருவிகளின் வளித்தர அளவீடுகளைப் பல ஆண்டுகளாக இணையத்தில் வெளியிட்டு வந்தது. கொழும்புத் தூதரகமும் அவற்றுள் ஒன்று. நிதியைக் காரணங்காட்டி அவ்வெளியீடு நிறுத்தப்பட்டது. நம் நகரின் காற்று பற்றிய எண்களை அங்கிருந்து பெறுமாறு அமைக்கப்பட்ட செயலிகளுக்கு விடை வராதுபோயிற்று. கொடுத்தவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. உடன்படிக்கையை எழுதியவர் அவர். ஒரே மூலத்தை நம்பி வாயிலை அமைத்தவர் சிந்திக்க வேண்டிய இடம் இது.

இவற்றைக் கொழும்பு நகரின் நிலைக்குப் பொருத்திப் பார்க்கலாம். 1992 யூன் 4ஆம் நாள் இந்நகரில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை கொட்டியது. நகரின் வெள்ளம் கடலைச் சேரும் வழிகளுள் வெள்ளவத்தைக் கால்வாயும் தெகிவளைக் கால்வாயும் வடக்கே முகத்துவாரச் சுரங்கமும் முதன்மையானவை. களனி கங்கையின் மட்டமோ கொட்டாஞ்சேனைக்கு அணித்தான நாகலகம் வீதி அளவுகோலில் அறியப்படுகின்றது. அண்மைய ஆண்டுகளின் அறிக்கைகளிலும் இவ்வளவுகோலின் பெறுமதி அடிக்கணக்கிலேயே வருகின்றது. ஆற்றின் மேற்பகுதி நிலையங்களுக்கு மீற்றர், மழைக்கு மில்லிமீற்றர். இவற்றை ஒருங்கே பெறும் வாயிலை அமைப்பவர் ஏழு அடியை ஏழு மீற்றரெனக் கொண்டால் நகரம் முழுவதையும் நள்ளிரவில் எழுப்பிவிடுவார். மறுதலையாகக் கொண்டால் யாரையும் எழுப்பமாட்டார். முன்னதிலும் பின்னது கொடியது.

இவையெல்லாம் ஒழுங்கு செய்யக்கூடியவை. வெளியிலிருந்து மழை முன்னறிவிப்பை மணிக்கொருமுறை கேட்டுப் பெறலாம். நீர்மட்டத்தை வெளியே அனுப்பலாம். வடம் அறுந்தால் சேமித்து வைக்கலாம். எஞ்சுவது கால்வாயோரத்து ஒழுங்கைகளில் வாழும் முதியவர் ஒருவரின் கைத்தொலைபேசிக்குச் செல்லும் இரண்டு வரி. ‘தாழ்நிலப் பிரதேசங்களில் வெள்ள அபாய நிலை ஏற்படக்கூடிய சாத்தியக்கூறு’ என மொழிபெயர்ப்பு நடையில் அவ்வரி அமைந்தால் அவருக்கு அது பயன்படாது. எந்த ஒழுங்கை, எத்தனை மணிக்குள், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்பனவே அவருக்கு வேண்டியவை. கோவையின் தமிழ்ப் பகுதியில் அவ்வரிகள் மழைக்கு முன்பே எழுதி வைக்கப்படுதல் வேண்டும். அதனை எழுதுவதற்குப் பொறியியற் பீடம் கலைப்பீடத்தையே நாட வேண்டியிருக்கும்.